ஹலோ அக்கா

தொலைபேசியை எடுத்ததும் நம்மில் பலர் ‘ஹலோ’ என்பதை ‘யார் நீ’ என்பதுபோல்தான் சொல்வோம். அவர் சொல்லும்போது ‘வந்துட்டீங்களா, உட்காருங்க’ என்பதுபோல் இருக்கும். அதனால் எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ஹலோ அக்கா என்று பெயர் நிலைத்துவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு மேல் சாய்வான கையெழுத்தில் அதைத் தினமும் பார்ப்பேன். அதை இங்கே எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் பத்திரிகை இருந்தது. சின்ன நாளிதழ். இப்போது பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. நான் விளம்பரப் பிரிவு. பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, நான். கல்யாண வாழ்த்து, மரண அறிவிப்பு, வாடகைக்கு அறை, காணவில்லை எல்லாம் என் கை வழியாகப் போகும். எதிர்மேசையில் அக்கா. அவருடைய வேலை பிழை திருத்துவது. தொலைபேசி அவர் மேசைக்கு வந்ததற்குக் காரணம், வேறு யாருக்கும் அதை எடுக்கப் பிடிக்கவில்லை.

அப்போது அக்காவுக்கு நாற்பது இருக்கும், எனக்கு இருபத்தெட்டு. புகுந்த வீடு இருந்த கிள்ளானில் பஸ் ஏறி, கோலாலம்பூரில் இறங்கி, பாஸ் மினி என்ற சின்ன பஸ்ஸில் நசுங்கி நான் வந்து சேரும்போது அவர் ஏற்கெனவே யாருடனாவது பேசிக்கொண்டிருப்பார்.

பத்திரிகைக்குப் போன் போடுகிறவர்கள் என்னென்னவோ கேட்பார்கள். இந்த வருடம் தைப்பூசம் என்றைக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ், பிரசவமான பெண் கத்திரிக்காய் சாப்பிடலாமா. தெரியாது என்று சொல்லி வைத்துவிடலாம். அக்காவின் வாயில் அந்தச் சொல் வராது. “இருங்க, கேட்டுட்டுச் சொல்றேன்” என்பார். ஒரு பள்ளிக்கூட நோட்டில் கேள்வியையும் எண்ணையும் எழுதிக்கொள்வார். வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள்தான் அதிகம். அவர்கள் ஏதாவது ஒரு கடையிலிருந்து பேசுவார்கள். “நாளைக்கு இதே நேரம் அந்தக் கடைக்கே வாங்கண்ணே” என்பார். சொன்னபடி மறுநாள் அந்தக் கடைக்குப் போன் போடுவார்.

ஒருமுறை கிள்ளானில் ஒரு கள்ளுக்கடை வாக்குவாதம் எங்கள் அலுவலகம்வரை வந்தது. ஞாயிறு என்ற சொல் முதலில் சூரியனுக்கு வந்ததா, கிழமைக்கு வந்ததா என்று இரண்டு பேருக்கு அடிதடியாகும் நிலை. அக்கா மூன்று நாள் எடுத்துக்கொண்டார். தெரிந்த தமிழாசிரியர் ஒருவருக்குப் போன் போட்டு, நூலகத்துக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு, நான்காம் நாள் அந்தக் கடைக்குப் பேசினார். கேட்டவர்கள் எல்லாவற்றையும் மறந்திருந்தார்கள். “யாருலா நீங்க?” என்று கேட்ட குரல் எனக்கே கேட்டது. அந்தத் தொலைபேசியில் எதிர்முனைப் பேச்சு என் மேசைவரை கேட்கும். அக்கா நிதானமாகப் பதிலைச் சொல்லிவிட்டு வைத்தார். நோட்டில் அந்தக் கேள்வியை ஒரு கோடு போட்டு அடித்தார்.

“மறந்துட்டாங்களேக்கா, விட்டுர வேண்டியதுதானே?” என்றேன்.

“மறந்தா அது அவங்க பாடு. கேள்வி நம்மகிட்ட வந்துருச்சுல்ல. அத அப்படியே விட்டா அது எங்க போகும், சொல்லு?”

சில சமயம் எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். இந்த மழை எப்பத்தான் விடுமோ என்று நான் சும்மா முனகினால், வானிலை நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டு, “நாலு மணிக்கு விடுமாம்” என்பார். அவரிடம் எதையும் சும்மா கேட்க முடியாது.

ஸ்காட் சாலைப் பக்கம், ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துத் தம்பதியின் வீட்டில் பின்னறையில் அக்கா வாடகைக்கு இருந்தார். அவர்கள் நல்லவர்கள், ஆனால் அளந்து பேசுகிறவர்கள். அவர்கள் சமைத்து முடித்த பிறகுதான் இவர் அடுப்படிக்குப் போவார். ஒருநாள் கனமழையில் பஸ் இல்லாமல் நான் அங்கே ஒதுங்கினேன். அறையில் ஒரே ஒரு நாற்காலி. என்னை அதில் உட்காரவைத்துவிட்டு அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இன்னொரு நாற்காலி வாங்கிப் போடலாமே என்றேன். “யாரு வரா?” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் எண்ணைச் சொல்வதுபோல் சொன்னார்.

அக்காவின் அம்மா அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பேராக் மாநிலத்தில் ஓர் அண்ணன், அவர் எழுதுவதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆயிரக்கணக்கான தடவை அந்தத் தொலைபேசி அடித்திருக்கும். அவருக்காக அடித்ததில்லை.

எண்பத்து நான்காம் வருடம் ஏப்ரல் மாதத்தில் இந்தியாவிலிருந்து முதல் மனிதர் விண்வெளிக்குப் போனார். சோவியத் விண்கலத்தில் அந்நாட்டுக்காரர்கள் இருவரோடு போய், எட்டு நாள் மேலே இருந்து திரும்புவதாக ஏற்பாடு. விமானப்படைக்காரர், சிரித்த முகம். டெலக்ஸ் இயந்திரத்தில் செய்தி ஆங்கிலத்தில் வந்து விழ, எங்கள் மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழாக்கி ‘நம்மவர் விண்வெளியில்’ என்று தலைப்புப் போட்டார்.

மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. “அவரு இந்தியாக்காரரு. நாம மலேசியாக்காரங்க. நம்மவர்னு எப்படிலா போடுறது? நாளைக்கு யாராச்சும் கேட்டா?”

“கேக்க மாட்டாங்க பாஸ். வாங்குவாங்க” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அவர் சொன்னதுதான் நடந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குள் பத்திரிகை எங்கும் இல்லை. எட்டு மணிக்குத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. அந்த எட்டு நாளும் அது ஓயவே இல்லை.

கிள்ளானில் ஒரு துணிக்கடை வாசலில் வந்தவர் போனவருக்கெல்லாம் லட்டு கொடுத்தார்கள், அதைப் பத்திரிகையில் போடச் சொல்லி ஒரு போன். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு முடிதிருத்துபவர் எங்கள் படத்தை வெட்டிக் கண்ணாடிக்கு மேல் மாட்டியிருக்கிறாராம், இன்னும் பெரிய படம் கிடைக்குமா என்று ஒரு போன். அன்றைக்குப் பிறந்த மகனுக்கு அந்தப் பெயரையே வைக்கப் போகிறேன், எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்று ஒரு தகப்பன். மீன் விற்கும் பாசாரிலிருந்து பேசிய ஒருவர், “அவரு தமிழரா சிஸ்டர்?” என்று கேட்டார். இல்லைங்க, வடநாட்டுக்காரர் என்றார் அக்கா. எதிர்முனையில் கொஞ்ச நேரம் மீன்கடைச் சத்தம் மட்டும். அப்புறம், “பரவால்ல. நம்மாளுதான்” என்று வைத்துவிட்டார்.

ஒரு கோயிலில் விண்வெளிக்குப் போனவர் பேருக்கு அர்ச்சனை செய்ய ஆசைப்பட்டார்கள். நட்சத்திரம் தெரிய வேண்டும். அக்கா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். டெலக்ஸில் அது எப்படி வரும்? கடைசியில் மூன்று கோயில் குருக்களிடம் பேசி, நட்சத்திரம் தெரியாதவர்களுக்கு சுவாமி பெயரிலேயே செய்துவிடலாம் என்று தெரிந்துகொண்டு, கேட்டவரைத் தேடிப் பிடித்துச் சொன்னார்.

கிள்ளானில் என் மாமியார் துணி காயப்போட வந்த இடத்தில் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “பாவம், சோத்துக்கு என்ன பண்றானோ” என்றார். அந்த வாரம் எல்லோருக்கும் அவர் தங்கள் வீட்டுப் பிள்ளை.

வெள்ளிக்கிழமை பகல் அந்தப் போன் வந்தது.

“வணக்கம்மா. ஒரு விஷயம் கேக்கலாங்களா?” அமைதியான ஆண் குரல்.

“கேளுங்கண்ணே.”

“முன்ன நிலாவுக்குப் போயிட்டு வந்தாங்கல்ல, அவங்கள வந்ததும் தனியா வச்சுப் பூட்டிட்டாங்களாம். பொண்டாட்டி புள்ளைங்ககூட கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுதான் பாத்தாங்களாம். ரேடியோவுல சொன்னது. மெய்யா?”

“அப்படித்தான் எனக்கும் ஞாபகம்.”

“இவரையும் அப்படி வப்பாங்களா? இல்ல, எறங்குனதும் யாராச்சும் தொடுவாங்களா?”

அக்கா எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். யாரிடமும் காரணம் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அன்று கேட்டார். “ஏண்ணே?”

“சும்மாதாம்மா. நான் சுங்கை பூலோவுலேர்ந்து பேசுறேன். உள்ளேர்ந்து.”

உள்ளேயிருந்து என்றால் அந்தக் காலத்தில் விளக்கம் தேவையில்லை. சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு இருந்தது. மருந்து வந்து நோய் தீர்ந்து எத்தனையோ வருடமாகியும், வெளியே சேர்த்துக்கொள்ள ஆளில்லாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். பூச்செடி வளர்த்து விற்பார்கள். செடி வாங்கப் போகிறவர்களும் தொட்டியைக் கீழே வைக்கச் சொல்லித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

“நாளைக்குப் பதினோரு மணிக்குப் போன் பண்ணுங்கண்ணே. கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார் அக்கா.

மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார். டெலக்ஸில் அப்படி எதுவும் இல்லை என்றார் அவர். அக்கா தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, சோவியத் தூதரகத்துக்கே போன் போட்டார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. கேட்க வேண்டியதை முதலில் தாளில் எழுதி, அதைப் பார்த்துப் படித்தார். இரண்டு தடவை காத்திருக்கச் சொன்னார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்தார். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை.

“டச், சார். வித் ஹேண்ட். பீப்பிள் கேன் டச்?”

அலுவலகமே சிரித்தது. நானும்தான். எதிர்முனையில் இருந்தவர் சிரிக்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். அக்கா தமிழில் எழுதிக்கொண்டார். பூட்டி வைக்க மாட்டார்கள். இறங்கியதும் கால் தள்ளாடும். டாக்டர்கள் கைகொடுத்துத் தூக்குவார்கள். நாற்காலியில் உட்காரவைத்துப் பூக்கொத்து கொடுப்பார்கள். கட்டிப்பிடிப்பார்கள்.

மறுநாள் பதினோரு மணிக்கு அந்தச் சுங்கை பூலோக்காரர் பேசவில்லை. திங்கட்கிழமையும் இல்லை. செவ்வாயும் இல்லை. அந்த நேரத்தில் வேறு யார் பேசினாலும் அக்கா இரண்டே வார்த்தையில் வைத்துவிடுவதை முதல் தடவையாகப் பார்த்தேன். அவருக்குத் திரும்பிப் பேச எண் இல்லை. எங்கிருந்து பேசினாரோ.

புதன்கிழமை விண்கலம் பத்திரமாக இறங்கியது. மேனேஜரே ஜிலேபி வாங்கிவந்து ஒவ்வொரு மேசையாகக் கொடுத்தார். “நம்மாளு வந்துட்டாருலா!” என்று என் முதுகில் தட்டினார். நம்மவர் என்று போடலாமா என்று கேட்ட அதே மனிதர். வியாழக்கிழமை மங்கலான ஒரு படம் வந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் ஆட்கள், தோளில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அக்கா அந்தப் படத்தை வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கெழம சுங்கை பூலோ போறேன். வர்றியா?” என்றார்.

அவர் என்னிடம் எதுவும் கேட்டதே இல்லை. அதனால் சரி என்றேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். இரண்டு பக்கமும் தொட்டிகள், காகிதப்பூவும் செம்பருத்தியும் குழந்தை உயரத்துக்கு. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே பிரியும் பாதையின் முனை வந்ததும் என் கால் நின்றுவிட்டது. “நான் இங்கயே இருக்கேன்க்கா. வீட்டுல சின்னப் புள்ள” என்றேன். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அக்கா ஒன்றும் விளக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. “வெயில்ல நிக்காத” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். பஸ்ஸில்தான் பேசினார். மனிதருக்குக் காலில் புண் வந்து வார்டில் படுத்திருந்திருக்கிறார், அதனால்தான் பேசவில்லை. பன்னிரண்டு வயதில் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து அவருடைய அப்பா அவரை லோரியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இருபத்தைந்து வயதில், குணமாகிவிட்டது போகலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போயிருக்கிறார். தம்பி வாசலிலேயே நிறுத்தி, ஒரு தகரக் குவளையில் தண்ணீர் கொடுத்திருக்கிறான். குடித்து முடித்ததும் அந்தக் குவளையை ஆற்றில் எறிந்ததைப் பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார்.

“படத்தக் காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தாரு” என்றார் அக்கா. “தோள்ல இருக்கிற கை யாருதுன்னு கேட்டாரு. டாக்டரா இருக்கும்னேன். கெளம்புறப்ப கையக் குடுத்தேன். அவரு ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டாரு. நான் அப்படியே நின்னேன்.”

“அப்புறம்?”

“கொஞ்ச நேரமாச்சு. அப்புறம் குடுத்தாரு.”

அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் பதினோரு மணிக்கு அவர் போன் பண்ணுவார். அவருடைய கேள்விகள் விநோதமானவை. கடைகளில் தானாக நகரும் படிக்கட்டில் முதல் காலை எப்படி வைப்பது? ரயில்வே ஸ்டேஷன் குவிமாடங்களுக்குக் கீழே இன்னும் புறா இருக்கிறதா? அக்கா சாப்பாட்டு வேளையில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார். படிக்கட்டில் இரண்டு தடவை ஏறி இறங்கினாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்கை பூலோ போனார்.

ஒரு வியாழக்கிழமை, “நீங்க காலைல என்ன சாப்டீங்க?” என்று அந்தக் குரல் கேட்டது என் மேசைவரை வந்தது. அக்கா பதில் சொல்லத் தடுமாறினார். கத்திரிக்காய்க்கும் தைப்பூசத்துக்கும் பதில் வைத்திருந்தவர், ரொட்டியும் தேநீரும் என்று சொல்ல அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒருநாள் அக்கா மாடிப்படியில் இருந்தபோது மேனேஜர் தொலைபேசியை எடுத்துவிட்டார். எதிர்முனையில் அந்த மனிதர் ஒளிக்காமல் எங்கிருந்து பேசுகிறார் என்று சொல்லியிருக்கிறார். மேனேஜர் போனை வைத்துவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் அக்காவின் மேசையில் ஒரு டெட்டால் போத்தலும் துணியும் இருந்தன. அதற்கு மறுநாள் அவருடைய தேநீர்க் கோப்பை மற்றவற்றோடு இல்லை, ஜன்னல் விளிம்பில் தனியாக இருந்தது. யார் வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நான் வைக்கவில்லை. எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “நீதான் அதுக்கு ஃப்ரெண்டு. அங்க போறத நிறுத்தச் சொல்லு. எல்லாருக்கும் வீட்டுல புள்ளைங்க இருக்குலா.”

“குணமானவங்கதான் பாஸ்” என்றேன்.

“அப்ப நீ போனியா உள்ள?”

நான் வெளியே வந்துவிட்டேன். அக்காவிடம் அந்தச் செய்தியைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை வந்து பார்த்தால் தொலைபேசி என் மேசைக்கு மாறியிருந்தது.

அக்கா மெய்ப்புத் தாள்களில் தலையைக் குனிந்துகொண்டார். ஹலோ அக்கா இல்லையா என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஏதாவது சொன்னேன். கேட்ட கேள்விகளுக்குத் தெரியாது என்றேன். தெரியாது என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மேனேஜர் தன் அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார். அக்காவுக்கு அந்த வாரம் நல்ல சளி. கைக்குட்டையை வாயில் வைத்து இருமிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

“வணக்கம்மா. அவங்க இருக்காங்களா?”

“வேலையா வெளிய போயிருக்காங்க” என்றேன்.

“நல்லா இருக்காங்கதானே?”

“ம்.”

“சரிம்மா. தொந்தரவு பண்ணல. வச்சிர்றேன்.”

நான் ரிசீவரை வைத்தேன். ஆறடி தூரத்தில் அக்கா ஒரு வரியைத் திருத்திக்கொண்டிருந்தார். என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அந்த மனிதர் மறுபடி பேசவில்லை. அந்த மாதக் கடைசியில் அக்கா நோட்டுகளையும் கோப்பையையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, “பஸ்ஸுல பாத்துப் போ” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஸ்காட் சாலை வீட்டுக்கு ஒருநாள் போனேன். அறையைக் காலிசெய்துவிட்டதாக வீட்டுக்கார அம்மா சொன்னார்.

தொண்ணூறுகளின் கடைசியில்தான் மறுபடி பார்த்தேன். பத்திரிகை நின்று பல வருடமாகியிருந்தது. என் கணவர் காலமாகிவிட்டார், மாமியாரும் போய்விட்டார். மகள் ஜொகூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கண் டாக்டரைப் பார்க்கக் கோலாலம்பூர் போக, கிள்ளானில் கொம்யூட்டர் என்ற மின்சார ரயில் ஏறினேன். பெட்டி நிறையக் கூட்டம், ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் எதிரெதிர் இருக்கைகளில் இரண்டு காலியாக இருந்தன. ஏன் யாரும் உட்காரவில்லை என்று யோசிக்காமல் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் எதிரே இருந்தவரின் மடங்கிக் குறுகிய விரல்களைப் பார்த்தேன். பக்கத்தில் அக்கா. தலை பாதி நரைத்திருந்தது.

“நீயா?” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். போர்ட் கிள்ளானிலிருந்து வருகிறார்களாம். “இவரு கடலப் பாத்ததே இல்ல. எவ்ளோ பெருசா இருக்கும்னு கேட்டாரு. சொல்லிப் பாத்தேன். பத்தல. அதான் கூட்டிட்டு வந்தேன்.”

“கடல் எப்படிண்ணே இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“அலை சத்தமா இருக்கும்னு நெனச்சிருந்தேம்மா. கப்பல் சத்தந்தான் கேக்குது” என்று சிரித்தார். சிரித்தவர் என்னை உற்றுப் பார்த்தார். “அன்னிக்குப் போன எடுத்தது நீங்கதானே? அதே கொரல்.”

ரயில் ஷா ஆலமில் நின்று கிளம்பியது. அப்புறம் சொன்னேன். “ஆமாண்ணே. அன்னிக்கு அக்கா பக்கத்துலதான் இருந்தாங்க. நான் பொய் சொன்னேன்.”

“தெரியும்மா. அவங்க இருமுனது கேட்டுச்சு.”

அக்கா சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். “இத்தன வருஷத்துல நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே?”

“நீங்களும் சொல்லலையே” என்றார் அவர்.

என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர்கள் இருவரும் தனித்தனியாக நினைத்திருக்கிறார்கள். அது எனக்கு விளங்கியபோது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். மிச்ச வழியெல்லாம் அக்காதான் பேசினார். குடியிருப்புக்கு வெளியே ஓர் அறை எடுத்திருக்கிறார், செடித் தோட்டத்தில் அவரோடு வேலை. புது ரகக் காகிதப்பூ ஒன்று நன்றாகப் போகிறதாம். கல்யாணம் செய்துகொண்டார்களா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் மூவரும் இறங்கினோம். அவர்கள் அங்கே வண்டி மாற வேண்டும். பிரியும்போது என் வாயிலிருந்து வந்துவிட்டது. “நான் கிள்ளான்லதான்க்கா இருக்கேன். வீட்டுல நான் மட்டுந்தான். ஒருநாள் ரெண்டு பேரும் சாப்பிட வாங்க.”

அக்கா அவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார்.

“மெய்யாத்தான் கூப்பிடுறீங்களாம்மா?”

“மெய்யாத்தான்ண்ணே.”

“அப்ப வரோம்” என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

அவர்களுடைய வண்டி வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இருவரும் கையசைத்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. நான் முகவரி கொடுக்கவில்லை.

மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். அதனால் என்ன, அவர்கள் இருக்கும் இடம் எனக்குத் தெரியுமே, ஞாயிற்றுக்கிழமை நேரே போய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் நினைத்தேன்.